முப்பது ஆண்டு பூட்டிக் கிடந்த வாக்குப்பெட்டி

2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி முரசுமோட்டை மக்கள் வாக்களித்தார்கள். கரைச்சிப் பிரதேச சபைக்குத் தங்கள் பிரதிநிதிகளைத் தெரிந்தெடுத்தார்கள். வென்றவர் மாலை சூடினர். தோற்றவர் காரணம் தேடினர். கட்சித் தலைமைகள் தத்தம் தராசில் வாக்குகளை நிறுத்துப் பார்த்து, எந்தக் கொள்கைக்கு எவ்வளவு எடை என்று அறிக்கைகள் விடுத்தன. அந்த ஆரவாரத்தினிடையே எவரும் எழுப்பாத கேள்வி ஒன்றை நாம் இங்கே எழுப்புகின்றோம். கரைச்சி மக்களுக்கு இது எத்தனையாவது தேர்தல்?

பிரதேச சபை என்னும் அமைப்பு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினாலே பிறந்தது. தென்னிலங்கையின் பெரும்பாலான சபைகளுக்கு 1991, 1997, 2002, 2006, 2011, 2018, 2025 என ஏழு தடவை தேர்தல் நடந்திருக்கிறது. கரைச்சிக்கு 2011, 2018, 2025 என மூன்றே தடவை. ஒரே நாடு, ஒரே சட்டம் என்று மேடைதோறும் முழங்குவோர் இந்த ஏழையும் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தார்களா?

கணக்கை இன்னும் சற்றுப் பின்னோக்கி நீட்டுவோம். 1981ஆம் ஆண்டு யூலை முதலாம் திகதியோடு கிராமசபைகளும் பட்டினசபைகளும் இலங்கை முழுவதிலும் இல்லாதொழிந்தன. அன்று தொட்டு 2025 மே வரை ஏறத்தாழ 44 ஆண்டுகள். இக்காலத்தில், மக்கள் தெரிந்த உள்ளூர்ச் சபை ஒன்று கரைச்சியிலே ஆசனத்தில் அமர்ந்திருந்த காலம் எவ்வளவு? 2011இன் நடுப்பகுதி தொடங்கி 2015 வரை ஏறத்தாழ நான்கு ஆண்டு; 2018 மார்ச்சு தொடங்கி 2023 மார்ச்சு வரை ஐந்து ஆண்டு. ஆக ஒன்பது ஆண்டு. எஞ்சிய 35 ஆண்டுகளில் முரசுமோட்டையின் ஒழுங்கைக்கும் மதகுக்கும் மயானத்துக்கும் பொறுப்பாக இருந்தவர் யார்? எவரும் வாக்களித்து அமர்த்தாத உத்தியோகத்தர். அல்லது எவருமே இல்லை.

1981இல் 18 வயது எய்திய கமக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தம்முடைய ஊர்ச் சபைக்கு வாக்களிக்க முதன்முதலாக ஒரு சீட்டு அவர் கைக்கு வந்தபோது அவருக்கு வயது 48. பேரப்பிள்ளை கண்ட வயதிலே கன்னி வாக்கு!

இதனை யுத்தத்தின் தலையிலே சுமத்திவிட்டுக் கைகழுவப் பலர் முந்துவர். யுத்தம் ஒரு பெரும் காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் 2015க்கும் 2018க்கும் இடையில் எந்த யுத்தம் நடந்தது? 2023இல் எந்த எறிகணை விழுந்தது? தேர்தலை நடத்தும் அதிகாரம் எவர் கையில் இருக்கிறதோ, நடத்தாதிருக்கும் அதிகாரமும் அவர் கையிலேயே இருக்கிறது. முதலாவது அதிகாரத்தைப் பற்றி மேடைகளிலே நிறையப் பேசியாயிற்று. இரண்டாவதைப் பற்றியே நமது வழக்கு.

முன்பு இருந்தது என்ன?

ஊராட்சி என்பது வெள்ளையன் கொண்டுவந்து தந்த பண்டமன்று. வயலுக்கு நீர் பங்கிடவும், வேலி அடைக்கும் முறையை வகுக்கவும், கால்நடைப் பிணக்கைத் தீர்க்கவும் ஊர் கூடிப் பேசும் வழக்கம் இத்தீவின் தமிழ்க் கிராமத்திலும் சிங்களக் கிராமத்திலும் அவனுக்கு முன்னரே இருந்தது. அதை முதலிற் சிதையவிட்ட ஆங்கில ஆட்சி, குளங்கள் பாழானதைக் கண்ட பின்னர், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தாலும் 1871ஆம் ஆண்டின் கிராமச் சங்கக் கட்டளைச் சட்டத்தாலும் அதற்கு மீண்டும் ஓர் உருவம் கொடுத்தது. அரசாங்க அதிபரின் நிழலிலே வளர்ந்த சங்கங்கள்தாம் அவை. ஆனாலும் படிப்படியாக வாக்குரிமை விரிந்தது. 1931இல் ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை வந்த பின்னர், ஊர்ச் சபையின் ஆசனமும் நிலமுடையோர் நால்வரின் முதுசமாக நீடிக்க முடியாத நிலை மெல்ல மெல்லத் தோன்றியது.

கிளிநொச்சிப் பகுதியின் கதை இதிலும் தனி. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி, 1930களில் தொடங்கிய குடியேற்றத் திட்டங்களாலே காடு வெட்டிக் கழனியாக்கப்பட்ட மண் இது. குடாநாட்டிலிருந்து காணியற்றோர் வந்தனர். பிற்காலத்தில், 1977ஆம் ஆண்டின் வன்செயலில் அடிபட்டு மலையகத் தமிழர் வந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலே நாடற்றவராக்கப்பட்டு, வாக்கென்பதையே பறிகொடுத்த மக்கள் அவர்கள். பரம்பரைப் பெருமை பேச இங்கே எவருக்கும் இடமில்லை. எல்லாரும் வந்து உழைத்து உரிமை கொண்டவர்கள். இத்தகைய மண்ணுக்கு ஊர்ச் சபை எவ்வளவு இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டுமா? வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தோர் ஒரே ஊராவதற்கு, ஒன்றாக அமர்ந்து ஒரு வீதியைப் பற்றி விவாதிப்பதைவிடச் சிறந்த வழி ஏது?

அந்த இடம் அன்று இருந்தது. கரைச்சிக்குக் கிராமசபை இருந்தது. 1960களில் கிளிநொச்சிக்குப் பட்டினசபையும் வந்தது. அச்சபைகளின் தலைமைப் பதவிகளை வகித்த வீ. ஆனந்தசங்கரி அவர்கள், 1970இல் கிளிநொச்சித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார் என்பதை முதியோர் அறிவர். அவருடைய அரசியலை ஏற்போரும் உளர், ஏற்காதோரும் உளர். அது வேறு பேச்சு. ஊர்ச் சபையிலே பழகி, பாராளுமன்றத்துக்கு ஏறிச் செல்லும் ஏணி ஒன்று இங்கே நின்றது என்பதே நாம் சுட்டுவது. அந்த ஏணியை எடுத்தவர் யார்?

1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அபிவிருத்திச் சபைகள் சட்டம் எடுத்தது. கிராமசபையும் பட்டினசபையும் போய், மாவட்டத்துக்கு ஒன்றாக அபிவிருத்திச் சபை வந்தது. கிராமத்திலே கிராமோதய மண்டலம் என்று ஒன்றை வைத்தார்கள். அதற்கு வாக்குப்பெட்டி கிடையாது, சங்கங்களின் தலைவர்கள் கூடும் கூட்டமே அது. அதிகாரப் பரவலாக்கம் என்று பெயர் சூட்டி, ஊரிலிருந்த அதிகாரத்தை மாவட்டத்துக்கு எடுத்துச் சென்று, அங்கேயும் சனாதிபதி நியமிக்கும் மாவட்ட மந்திரி ஒருவரை அருகில் அமர்த்திய விந்தை அது. அந்தச் சபைக்கான தேர்தல் 1981 யூன் 4இல் நடந்தது. அதற்கு முந்திய நாட்களில் யாழ்ப்பாணத்தில் நடந்தது என்ன என்பதை உலகம் அறியும். மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சாம்பல் ஆறுமுன் மக்கள் வாக்களித்தார்கள். அப்பொழுது கிளிநொச்சியையும் உள்ளடக்கியிருந்த யாழ். மாவட்டத்தில் பத்து ஆசனங்களையும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கே அளித்தார்கள். அளித்தும் பயன் என்ன? பணமும் அதிகாரமும் இல்லாத சபை இரண்டு ஆண்டுக்குள் செத்த சபையாயிற்று.

அதன் பின் நடந்ததைச் சுருங்கச் சொல்லலாம். 1983 மே மாதத்தில் வடக்கின் மாநகர, நகர சபைகளுக்குத் தேர்தல் வைத்தபோது, இயக்கத்தின் பகிஷ்கரிப்பு அறைகூவலால் வாக்குச் சாவடிகள் வெறிச்சோடின. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. ஆனால் மாவட்டத்துக்கு ஒரு கச்சேரி வந்ததே தவிர, ஊருக்கு ஒரு சபை வரவில்லை. 1988இல் வடக்கு-கிழக்கு மாகாண சபை அமைந்தபோது, வடக்கிலே வாக்கெடுப்பின்றியே ஆசனங்கள் நிரப்பப்பட்டன. 1998 சனவரியில் குடாநாட்டு உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. கிளிநொச்சியில் அதுவும் இல்லை. அத்தேர்தலால் யாழ். மாநகர முதல்வராக வந்த சரோஜினி யோகேஸ்வரன் அவ்வாண்டு மே மாதத்திலே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த முதல்வர் பொன். சிவபாலன் செப்டெம்பரில் குண்டுக்கு இரையானார்.

இங்கே நாம் ஒரு பக்கத்தை மட்டும் குறை கூறித் தப்பிக்கொள்வது நேர்மையாகாது. கிளிநொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு பல ஆண்டுகள் ஓர் ஆயுத நிர்வாகம் நடந்தது. அது நீதிமன்று வைத்தது, காவற்றுறை வைத்தது, வைப்பகம் நடத்தியது, வரி வாங்கியது. ஒரு கிராமசபைத் தேர்தலை மட்டும் அது நடத்தவில்லை. சுயநிர்ணயம் என்ற சொல்லை நாள்தோறும் கேட்ட மண்ணிலே, மதகு கட்டும் விடயத்தைக்கூட மக்கள் வாக்கால் நிர்ணயிக்க வழி இருக்கவில்லை. கொழும்பு மறுத்ததை மறக்காதவர்கள் இதையும் மறக்கலாகாது.

இங்கிலாந்தைப் பாருங்கள்

தேர்தலைத் தள்ளிப்போடுவோர் எல்லோருக்கும் ஆங்கிலேயரை மேற்கோள் காட்டும் பழக்கம் உண்டு. உலக யுத்தக் காலத்தில் இங்கிலாந்தே உள்ளூராட்சித் தேர்தல்களை நிறுத்தியதல்லவா என்பர். நிறுத்தியது, உண்மை. 1939இல் பாராளுமன்றம் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி நிறுத்தியது. ஆனால் மேற்கோளை அரைகுறையாகக் காட்டலாமா? ஐரோப்பாவில் யுத்தம் 1945 மே மாதத்தில் முடிந்தது. அதே ஆண்டு நவம்பர் முதலாம் திகதி, பரோ என்று அவர்கள் அழைக்கும் நகரப் பிரிவுகளின் சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. குண்டு விழுந்து இடிந்த தெருக்களின் நடுவே, வீடிழந்தோர் இன்னும் வீடு பெறாத நிலையிலே, ஆறு மாதத்துக்குள் வாக்குப்பெட்டி வந்துவிட்டது. வீட்டைக் கட்டப்போவது சபை. ஆகவே சபை முதலில் வரவேண்டும் என்பது அவர்கள் கண்ட நியாயம்.

இங்கே? 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. ஓகஸ்டு 8ஆம் திகதியே யாழ். மாநகர சபைக்கும் வவுனியா நகர சபைக்கும் தேர்தல் வைத்தார்கள். அந்நேரத்தில் வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் செட்டிகுளத்து முகாம்களிலே முட்கம்பிக்குள் இருந்தார்கள். கம்பிக்கு வெளியே தேர்தல். கம்பிக்கு உள்ளே வரிசை. கரைச்சிக்கு வாக்குப்பெட்டி வர 2011 யூலை 23 ஆயிற்று. கறுப்பு யூலையின் இருபத்தெட்டாவது ஆண்டு நாளிலே வாக்களிக்கச் சொன்னார்கள். நாளைத் தெரிந்தவருக்கு அது தெரியுமோ தெரியாதோ, வாக்களித்தவருக்குத் தெரியும். கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி மூன்று சபைகளையும் அன்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக் கைப்பற்றியது. அண்டையிலே முல்லைத்தீவு மாவட்டத்தின் கரைதுறைப்பற்றும் புதுக்குடியிருப்பும் அந்தச் சுற்றிலும் விடுபட்டு, 2018 வரை காத்துக் கிடந்தன.

இங்கிலாந்தின் இன்னொரு வரலாறும் நமக்கு உதவும். 1835க்கு முன்னர் அங்கே பல நகரக் கழகங்களில் உறுப்பினர் ஒருவரை ஒருவரே நியமித்துக்கொள்வர். நகர மக்களுக்கு அதிலே சொல் இல்லை. 1835ஆம் ஆண்டின் சட்டம் அந்தக் கதவைத் திறந்து, வரி செலுத்துவோர் வாக்காலே சபை அமையவேண்டும் என்றது. அந்த மரபு எவ்வளவு ஆழமாகச் சென்றது என்பதற்கு ஒரு சான்று. 1984இல் தாட்சர் அம்மையாரின் அரசாங்கம், பெருநகர இலண்டன் சபையை ஒழிக்கத் தீர்மானித்து, 1985இல் வரவேண்டிய தேர்தலை நீக்கி, இடைக்காலத்துக்கு நியமன உறுப்பினரை அமர்த்த முனைந்தது. பிரபுக்கள் சபை மறித்தது. பிரபுக்கள் என்போர் தாமே எவராலும் தெரியப்படாதவர்கள். அவர்களுக்கே அது பொறுக்கவில்லை! முடிவில், மக்கள் தெரிந்த பழைய உறுப்பினர்களே 1986இல் சபை மறையும்வரை இருப்பர் என அரசாங்கம் இறங்கி வந்தது. சபையை அவர்களாற் காப்பாற்ற முடியவில்லை. ஆயினும் மக்கள் தெரிந்தவரின் ஆசனத்தில் மந்திரி தெரிந்தவர் அமரக்கூடாது என்ற கோட்டையேனும் காப்பாற்றினார்கள். கரைச்சியில் அந்த ஆசனம் எத்தனை தடவை, எவ்வளவு இலேசாகக் கைமாறியது!

சட்டம் சொல்வதும் ஆட்சி செய்வதும்

சட்டப் புத்தகத்தோடு சீவனம் நடத்தும் நமக்கு 2023இல் நடந்த நாடகம் இன்னும் ஆறவில்லை. 2018 பெப்ரவரியில் தெரியப்பட்ட சபைகளின் நான்கு ஆண்டுக் காலம், 2022இல் மந்திரியின் ஒரு வர்த்தமானி அறிவித்தலாலே ஓராண்டு நீண்டது. நீட்டியாவது அடுத்த ஆண்டு நடத்தினார்களா? 2023 சனவரியில் நியமனப் பத்திரங்கள் ஏற்கப்பட்டன. நாடெங்கும் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட அபேட்சகர்கள் களம் இறங்கினர். மார்ச்சு 9 வாக்களிப்பு நாள். அப்பொழுது திறைசேரி கையை விரித்தது, பணம் இல்லையாம். ஒதுக்கிய பணத்தை மறிக்கலாகாது என்று மார்ச்சு 3இல் உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை இட்டது. ஏப்பிரல் 25 என்று புது நாள் குறித்தார்கள். அந்த நாளும் வந்தது, போனது. அபேட்சகராய் நின்ற அரசாங்க ஊழியர்கள் பழைய வேலைத்தலத்துக்கும் போக முடியாமல், தேர்தலையும் காணாமல் அந்தரித்தார்கள்.

2024 ஓகஸ்டு 22இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலை நடத்தாமல் விட்டதால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது; நிதி மந்திரியாகவும் இருந்த சனாதிபதி ரணில் விக்கிரமசிங்காவுக்கும், தேர்தல் ஆணைக்குழுவுக்கும் அதில் பொறுப்பு உண்டு என்று கண்டது. அருமையான தீர்ப்பு. ஆனால் அது புதிய சட்டமன்று. 1998இல் ஐந்து மாகாண சபைகளின் தேர்தலை அவசரகால விதியைக் காட்டித் தள்ளிப்போட்டபோது, அதே நீதிமன்றம் 1999இல் கருணாதிலக்க வழக்கிலே வழியைக் காட்டியிருந்தது. வாக்களிப்பதும் ஒருவனுடைய கருத்து வெளிப்பாடே. அதைத் தடுப்பது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தந்த சுதந்திரத்தைத் தடுப்பதாகும் என்று நீதியரசர் மாக் பெர்னாண்டோ அன்றே தெளிவுபடுத்தினார். அந்தத் தீர்ப்புக் கையில் இருக்க, கால் நூற்றாண்டு கழித்து அதே குற்றம் எப்படி நடந்தது? குற்றத்துக்கு விலை இல்லாமையால் நடந்தது. உரிமை மீறப்பட்டதென்று நீதிமன்றம் கூறுவதற்குள் ஒன்றரை ஆண்டு போயிற்று. போன ஒன்றரை ஆண்டை எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்? மீறியவருக்கு நட்டம் என்ன? தேர்தல் வந்தது 2025 மேயில். அதற்கும் பழைய நியமனப் பத்திரங்களை இரத்துச் செய்யப் புதுச் சட்டம் ஒன்று வேண்டியிருந்தது.

ஒரு நண்பர், இந்தியாவைப் போல அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டால் தீர்ந்தது என்கிறார். 1993இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய 73ஆம் திருத்தம், பஞ்சாயத்தின் காலம் ஐந்தாண்டு, அதற்குமேல் இல்லை, அது முடியுமுன் தேர்தல் முடிய வேண்டும் என்று ஐயத்துக்கிடமின்றிச் சொல்கிறது. நல்லது. ஆனால் தமிழ்நாட்டைப் பாருங்கள். 2016 ஒக்டோபரில் காலம் முடிந்த ஊராட்சிகளிற் பெரும்பாலானவற்றுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. சில மாவட்டங்களுக்கு 2021. நகரங்களுக்கும் பேரூர்களுக்கும் 2022 பெப்ரவரி. இடைக்காலம் முழுவதும் தனி அலுவலர் ஆட்சி. எழுத்து வேண்டும், எழுத்தோடு, பணத்தைத் தடுக்க எவருக்கும் வழியில்லாத பூட்டும் வேண்டும்.

விசேட ஆணையாளர், செயலாளர் என்போர் மேல் நமக்குத் தனிப் பகை இல்லை. நல்லவர்களும் உண்டு. ஆனால் நல்லவராயிருப்பது அவர்கள் விருப்பம். பதில் சொல்லுவது அவர்கள் கடமையன்று என்பதே குறை. சபை இல்லாத காலமொன்றில் முரசுமோட்டைக் கமக்காரர் சிலரோடு, உடைந்த மதகொன்றின் விடயமாக ஓர் அலுவலகத்துக்கு நாமும் சென்றிருந்தோம். அந்த வீதி தமது அல்ல என்றார்கள். காட்டிய மற்ற அலுவலகமும் தமது அல்ல என்றது. மூன்றாவது இடத்தில் எழுத்திலே தரச் சொன்னார்கள், தந்தோம். திரும்பும் வழியில் முதியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, மெம்பர் இருந்தா வீட்டு வாசல்ல போய் நிண்டு ஏசலாம். இவையை எங்கை போய் ஏசுறது?" இதைவிடத் திருத்தமாக உள்ளூராட்சித் தத்துவத்தை விளக்கிய நூலை நாம் படித்ததில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் நெடுந்தலைப்பும் ஏறத்தாழ அதையேதான் சொல்கிறது. உள்ளூர் நிருவாகத்திலும் அபிவிருத்தியிலும் முடிவெடுப்பதில் மக்கள் பங்குகொள்ள வாய்ப்பளித்தல் என்பது அதன் நோக்கம்.

வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். 2018 டிசம்பரில் இரணைமடு நிறைந்து வான்கதவுகள் திறந்தபோது கண்டாவளைப் பிரிவு நீரிலே கிடந்தது. அன்று வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருந்தார். குறைவாயினும் நிறைவாயினும் அவரைக் கையைப் பிடித்து இழுத்துவர முடிந்தது. 2024 நவம்பரில் வடக்கெங்கும் மீண்டும் வெள்ளம்; அன்று கரைச்சிச் சபையின் ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன. வடிகாலைத் துப்புரவாக்கவில்லை என்று எவரிடம் கேட்பது?

இதே மண்ணில் ஒரு கூட்டம் மட்டும் தள்ளிப்போடப்படுவதில்லை. சிறுபோகத்துக்கு முன் இரணைமடுவின் கமக்காரர் கூடி, எத்தனை ஏக்கருக்கு நீர், எந்த நாளில் வாய்க்கால் திறப்பு என்று தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் அது. திறைசேரியிற் பணம் இல்லை, ஆகவே இப்போகம் கூட்டம் இல்லை என்று ஓர் அரசாங்க அதிபர் சொன்னால் கமக்காரர் விடுவார்களா? அந்தப் பிடிவாதத்தை ஏன் வாக்குச் சீட்டிலே காட்டுவதில்லை?

நான்கு பிரிவு, மூன்று சபை

இனி, கண்டாவளையின் வழக்கு. கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என நான்கு பிரதேச செயலகப் பிரிவுகள். சபைகளோ மூன்று. முரசுமோட்டை அடங்கிய கண்டாவளைக்குத் தனிச் சபை இல்லை. கரைச்சியின் வாலாக அது ஒட்டப்பட்டிருக்கிறது. உதவி அரசாங்க அதிபர் பிரிவுகளை அடியொற்றி அமைந்தவை பிரதேச சபைகள். பிரிவு நான்கானபின் சபையும் நான்காவதுதானே முறை? வருமானம் போதாது என்கிறார்கள். குடித்தொகையிலே கண்டாவளையினும் சிறிய பச்சிலைப்பள்ளிக்குச் சபை இருக்கிறது, இருக்கவே வேண்டும். அங்கே போதுமான வருமானம் இங்கே மட்டும் எப்படிப் போதாமற் போகும்? பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதி வழியே முரசுமோட்டை, புளியம்பொக்கணை, தருமபுரம் என்று நீளும் வயலும் கடையும் வீடும் செலுத்தும் வரி, எந்த வாளியில் விழுந்து எந்த ஊருக்கு இறைக்கப்படுகிறது என்று கணக்குக் கேட்க இம்மக்களுக்குத் தனி ஆசனம் வேண்டாமா?

கிளிநொச்சி நகரின் நிலை இன்னும் வேடிக்கை. 1960களில் பட்டினசபை பெற்றிருந்த ஊர், இன்று மாவட்டத் தலைநகர், நகரசபை இல்லாத நகர். அரை நூற்றாண்டில் ஊர் வளர்ந்தது, உரிமை தேய்ந்தது. நகரத்தின் கழிவையும் சந்தையையும் சுமந்துகொண்டு, நாற்புறத்துக் கிராமங்களின் மண் வீதிகளையும் ஒரே சபை சுமந்து திணறுகிறது. நகரத்துக்கு நகரசபையும் கண்டாவளைக்குப் பிரதேச சபையும் கிடைத்தாலன்றிக் கரைச்சிக்கும் விமோசனம் இல்லை.

நமது தமிழ்க் கட்சிகளுக்கும் ஒரு சொல். 2018இலும் 2025இலும் முரசுமோட்டைப் பக்கத்து மேடைகளிலே நாம் கேட்டவற்றில் முக்காற்பங்கு சமஷ்டியும் துரோகமும் சர்வதேசமும். அவை பேசவேண்டிய விடயங்கள்தாம்; நாமும் பேசுபவர்களே. ஆனால் சோலைவரியை எப்படி மதிப்பிடுவது, கிறவல் வீதிக்கு எந்த ஆண்டு முறை, நூல்நிலையத்துக்குப் புத்தகம் வாங்க எவ்வளவு என்பவற்றை ஊர்ச் சபைத் தேர்தலிலும் பேசாவிட்டால் பின் எங்கே பேசுவது? ஊர்ச் சபையை வெறும் பலப்பரீட்சைக் களமாக்கினால், அது கலைந்து கிடக்கும்போது மக்களுக்கு இழப்பாகத் தோன்றாது. தள்ளிப்போடுபவனுக்கு அதுவே வேண்டும். இன்னொன்று. 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் நூற்றுக்கு 25 ஆசனத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது; அதற்கு முன் நாடு முழுவதிலும் உள்ளூராட்சி மன்றப் பெண் உறுப்பினர் நூற்றுக்கு இரண்டு வீதமும் இல்லை. யுத்தத்தின் பின் குடும்பத் தலைமையைப் பெண்களே தாங்கும் வீடுகள் நிறைந்த வன்னியிலே, அந்தப் பெண்களைப் பட்டியலை நிரப்பும் பெயர்களாக மட்டும் சில கட்சிகள் நடத்துவதை நாம் கண்டோம். கிணற்றடியும் பாலர் பாடசாலையும் பற்றி அவர்கள் எழுப்பும் கேள்விகளே இந்தச் சபைகளின் அசல் வேலை.

இப்பொழுது என்ன செய்வது? 2025 யூன் 2ஆம் திகதி பதவியேற்ற சபைகளின் நான்கு ஆண்டு 2029 யூன் முதலாம் திகதியோடு முடிகிறது. அந்நாளை இன்றே குறித்து வைக்கவேண்டும். சபையின் காலத்தை வர்த்தமானியால் நீட்டும் அதிகாரம் மந்திரியிடமிருந்து எடுக்கப்படவேண்டும். தேர்தற் செலவு திறைசேரியின் தயவிலே இராமல், நீதியரசரின் சம்பளத்தைப் போல, திரட்டு நிதியத்தின் மேல் நேரே சாட்டப்படவேண்டும். உரிய நாளில் தேர்தல் நடக்காதாயின், புதுச் சபை வரும்வரை பழைய உறுப்பினரே புதிய வரியும் புதிய ஒப்பந்தமும் விதிக்கும் அதிகாரமின்றி அன்றாடப் பணியை நடத்தவேண்டுமேயன்றி ஆணையாளர் வரலாகாது. 2018 ஒக்டோபரில் காலம் முடிந்த வட மாகாண சபை, 2025 மேயில் நாம் வாக்களித்த நாளிலும் தேர்தலைக் காணாமலே கிடந்தது என்பதை நினைவுகூர்வோர் இக்கோரிக்கைகளை மிகையென்று சொல்லார்.

இவற்றோடு கண்டாவளைச் சபைக்கும் கிளிநொச்சி நகரசபைக்குமான கோரிக்கையையும் சேர்த்து விண்ணப்பம் ஒன்றை வரைந்திருக்கிறோம். எல்லைகள் வகுக்க ஆண்டுகள் செல்லும் என்பதால், 2029க்குக் காத்திராமல் இப்பொழுதே அது கொழும்புக்குப் போயாகவேண்டும். கமக்காரர் அமைப்புகளும், சனசமூக நிலையங்களும், மாதர் சங்கங்களும் தத்தம் கூட்டத்தில் அதை வாசித்து, திருத்தவேண்டியதைத் திருத்தி, ஒப்பமிட்டு அனுப்புமாறு கேட்கின்றோம். கரைச்சிச் சபையின் இன்றைய உறுப்பினர்கள், எக்கட்சியினராயினும், இதே கோரிக்கையைச் சபையிலே தீர்மானமாகக் கொண்டுவரவேண்டும். ஆதரித்தவர் பெயரையும் எதிர்த்தவர் பெயரையும் இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.